ஆறு வேளை

18 செப்டம்பர் 1961, திங்கள்

என் மனைவி பதுருன்னிசாவின் சிறுகுடலில் முக்கால்வாசிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். நேற்று மாலை வரை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள். குடல் முறுக்கிக்கொண்டு, ரத்தம் போகாமல் கருத்துவிட்டதாம். "விட்டு வச்சிருந்தா விடியறதுக்குள்ள உயிர் போயிருக்கும்" என்றார் டாக்டர் துரைசாமி. மிச்சம் இருப்பதை இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். என் சாக்குக் கடையில் மூட்டை கட்டக் கயிறு வாங்க வருகிறவன் கேட்கும் அளவுகூட இல்லை.

கண் விழித்ததும் அவள் கேட்டது: "மச்சான், சாப்பிட்டீங்களா?"

9 அக்டோபர், திங்கள்

வீட்டுக்குக் கூட்டி வந்தேன். என் அக்கா ஹலீமா லாத்தா ஆட்டுக்கால் சூப்போடு காத்திருந்தார். நானும் நெய் டின், பால்மாவு, பேரீச்சம்பழம் எல்லாம் வாங்கி அடுக்கியிருந்தேன். நிறைய உள்ளே போனால் நிறையத் தேறும். இதுதான் என் கணக்கு.

16 அக்டோபர்

கணக்கு தப்பு. சாப்பிட்ட கை காய்வதற்குள் ஓடுகிறாள். வீடு கடைக்கு மேல் மாடியில்; கக்கூஸ் கீழே பின்கட்டில். கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். கூலியாட்கள் பார்க்கிறார்களே என்று முக்காட்டை முகம் வரை இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். தாகம் என்கிறாள். கூஜா கூஜாவாகத் தண்ணீர் குடிக்கிறாள். குடித்ததைவிட அதிகமாகப் போகிறது. நான் இன்னொரு டின் நெய் வாங்கினேன். வேறென்ன தெரியும் எனக்கு?

21 அக்டோபர்

சேலை இடுப்பில் நிற்கவில்லை. ஊக்கு போட்டிருக்கிறாள்.

24 அக்டோபர், செவ்வாய்

"என்ன குடுத்தீங்க?" என்றார் டாக்டர். பெருமையாகச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நல்லா இருக்கறவனுக்கே இது தாங்காது லா!"

சத்தை உறிஞ்சும் இடமே போய்விட்டது என்றார். எனக்குத் தொங்கான் படகுகள் சரக்கு இறக்கும் ஆற்றங்கரை ஞாபகம் வந்தது. "தொங்கான் நெறைய மூட்டை வந்து நிக்குது. இருபது பேர் எறக்கற எடத்துல நாலு பேர்தான். அப்படித்தானே டாக்டர்?"

"அதேதான். அப்ப மூட்டையைக் கொஞ்சங் கொஞ்சமா அனுப்புங்க."

ஒரு நாளுக்கு ஆறு வேளை, கைப்பிடி கைப்பிடியாக. கொழுப்பு குறைய வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. வெறும் தண்ணீர் உடம்பிலிருக்கும் உப்பையும் இழுத்துக்கொண்டு போய்விடுமாம். உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்ட கஞ்சித் தண்ணீரை இடைவெளி விட்டு மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். சாப்பிட அரை மணி முன்னால் ஓட்டத்தைத் தணிக்கும் மாத்திரை. மாதம் ஓர் ஊசி, அது ஆயுசுக்கும்.

"மிச்சக் குடல் மெல்லப் பழகிக்கும். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆகலாம். அதுவரைக்கும் எளைக்க விடாதீங்க. இந்த எடைக்குக் கீழ போனா என் கையில இல்ல."

25 அக்டோபர்

லாத்தாவோடு சண்டை. "நெய் இல்ல, கறி இல்ல. ஜெயில்லகூட இதவிட நல்லாப் போடுவாங்கடா!" 

"அப்ப நெய்ய நீங்களே எடுத்துட்டுப் போங்க லாத்தா."

எடுத்துக்கொண்டு போனார். இரண்டு டின்னையும்.

26 நவம்பர், ஞாயிறு

லாத்தா மகள் மைமூன் கல்யாணம். பெண்கள் பக்கம் நாலு பேருக்கு ஒரு சஹன். ஒரே பெரிய தட்டு, நாலு கை. ஒருத்தி கையை எடுத்தால் மற்றவர்களும் கூச்சப்பட்டு எடுத்துவிடுவார்கள். அதனால் யாரும் முந்தி எடுப்பதில்லை. இவளும் எடுக்கவில்லை. மற்ற மூன்று பேர் வயிறு நிறையட்டும் என்று நெய்ச்சோறும் கறியும் அவர்களுக்குச் சரியாகத் தின்றிருக்கிறாள்.

திரும்பி வரும்போது டாக்சியில் — வேண்டாம், எழுத வேண்டாம். டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டு சீட்டை நானே கழுவினேன். அவள் நடைபாதையில் சுவரைப் பார்த்து நின்று அழுதாள். தனித்தட்டு வைங்கன்னு லாத்தாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஊருக்கே யோசனை சொல்றவன், சொல்லலையே.

30 நவம்பர்

சாப்பிட மாட்டேன் என்கிறாள். "தின்னாத்தானே போகும்?" கஞ்சித் தண்ணீர் ஆறிக் கிடக்கிறது. தோள் எலும்பு குத்திக்கொண்டு நிற்கிறது.

கத்தினேன். "செத்துப் போயிருவேடி!"

"போறேன். சுத்தமாப் போறேன்."

2 டிசம்பர்

கத்தி முடிக்கிற வியாபாரம் இல்லை இது. மூடி போட்ட வாளி ஒன்று வாங்கி, மாடி அறை மூலையில் சாக்குப் படுதா கட்டி வைத்தேன். "இனிமே கீழ ஓட வேணாம். காலையில நானே கொண்டு போறேன்."

"ஐயோ, கூலியாளுங்க என்னன்னு கேப்பாங்களே?"

"சரக்குன்னு சொல்றேன்."

சிரித்துவிட்டாள். எத்தனை நாளாயிற்று!

குழைந்த சோறும் வேகவைத்த மீனும் ஒரே தட்டில் வைத்து, எதிரில் உட்கார்ந்து நானும் கை வைத்தேன். "நீ சாப்பிட்டாத்தான் நானும். ஆனா நாலு வாய்க்கு மேல விட மாட்டேன்." முறைத்தாள். பிறகு ஒரு வாய் எடுத்தாள். மெல்ல மென்றாள். நானும் மென்றேன்.

19 டிசம்பர்

ஆறு தடவை மாடி ஏறுகிறேன். வாடிக்கைக்காரன் அஸ்மத் கேலி செய்கிறான்: "தவுக்கே, மொதலாளின்னா எத்தன தடவ சாப்பிடுவீங்க லா? கடைய மாடிக்கே மாத்திடுங்க!" என் சட்டைப் பித்தான் தெறிக்கிறது. அவள் ஊக்கு இன்னும் கழலவில்லை.

7 ஜனவரி 1962, ஞாயிறு

சாக்குக் கட்டு நிறுக்கும் தராசில் அவளை உட்கார வைத்தேன். எழுபத்தெட்டு ராத்தல். போன மாதம் டாக்டர் நிறுத்ததைவிட மூன்று கூட.

"என்ன வெலைக்குப் போகும்?" என்றாள்.

"விக்கற சரக்கில்ல."

28 ஜனவரி

ரமலான் நோன்பு பிடிக்கப் போகிறாளாம். பகல் முழுக்க உப்புக் கஞ்சி இல்லாமல் கிடந்தால் வற்றிப் போய்விடுவாள். டாக்டர் கூடவே கூடாது என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். நோயாளிக்கு மார்க்கமே விலக்குக் கொடுத்திருக்கிறது, நாளுக்கு ஓர் ஏழைக்குச் சோறு போட்டால் போதும் என்று எடுத்துச் சொன்னேன். 

"ஊரே பட்டினி கெடக்கும்போது நான் மட்டும் ஆறு தடவ ஒளிஞ்சு ஒளிஞ்சு தின்னணுமா மச்சான்?"



4 பிப்ரவரி, ஞாயிறு

நாளை பிறை தெரிந்தால் மறுநாள் நோன்பு. காலையில் பேச உட்கார்ந்தோம். மாதம் முழுவதுக்குமான அரிசியை மூட்டையாகப் பள்ளிவாசலுக்கு அனுப்பிவிடுகிறேன், வேலை முடிந்தது என்றேன்.

"மூட்டை அனுப்பறது உங்க தொழில். என் நோன்புக்கு நான்தான் சமைக்கணும்."

"அடுப்புல நிக்கத் தெம்பு இருக்கா?"

"ஒரு ஆளுக்குத்தானே? இருக்கு."

எத்தனையோ சீனத் தவுக்கேக்களிடம் பேசியிருக்கிறேன். இவளைப் போல அசையாமல் உட்கார்ந்து பேரம் பேசியவர் கிடையாது. மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது பேரம் முடிந்தது.

நோன்பு பிடிக்க மாட்டாள். ஒவ்வொரு நாளும் பள்ளிவாசலில் தங்கியிருக்கும் கண் தெரியாத பெரியவர் முகைதீன் காக்காவுக்கு, நோன்பு திறக்கும் நேரத்துக்கு அவள் கையால் சமைத்த சோறு. கொண்டு போய்க் கொடுப்பது நான். ஆறு வேளையும் அவள் சாப்பிடுவாள், கதவைச் சாத்தாமல். ஆறு வேளையும் நான் நோன்போடு மாடி ஏறி வந்து, அவள் முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.