ஒரு மூட்டை, நாலு வீடு

முதுநகர்,
7.3.2010

அன்புள்ள சித்தார்த்துக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகம், அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் விட்டுவிட்டு வருகிறது. நொய்டாவில் குளிர் குறைந்ததா, உன் இருமல் நின்றதா என்று எழுது. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக முப்பத்தெட்டு ரெக்கார்டு நோட்டுகளில் சிவப்பு மையால் கையெழுத்துப் போட்டேன். வலப்பக்கம் புரோகிராம், இடப்பக்கம் பென்சிலால் கோடு போட்டு அதன் அவுட்புட். கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம், ஆனால் நோட்டில் எல்லாம் பிழையில்லாமல் ஓடுகிறது. பதினெட்டு வருஷமாக இதற்குத்தான் கையெழுத்துப் போடுகிறேன். போனில் சொன்னால் நீ உடனே சமாதானம் சொல்லிவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதம் சிதம்பரத்தில் பல கல்லூரிப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு கம்பெனி இன்டர்வியூ வைத்தது. எங்கள் எம்.சி.ஏ. வகுப்பில் முதலாவதாக வரும் சிந்துஜாவும் போனாள். டேட்டாபேஸ் பாடத்தில் அவள் தொண்ணூற்று நாலு. ஒரு மருந்துக்கடையின் கணக்கை வைக்க என்னென்ன டேபிள் வேண்டும், போட்டுக் காட்டு என்றார்களாம். இவள், டேபிள்களைப் பிரிக்கும் விதியான நார்மலைசேஷன் என்றால் என்ன என்று வரி பிசகாமல் ஒப்பித்திருக்கிறாள், எடுக்கவில்லை. வெளியே வந்து என்னிடம், "நீங்க நடத்துனதத்தான் மேடம் சொன்னேன்" என்றாள். குற்றமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் அப்பா சாமிக்கண்ணு, துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவர், மறுநாள் கையில் கிரீஸோடு கல்லூரிக்கே வந்து, "இன்னும் என்னா படிச்சா மேடம் எடுப்பாங்க?" என்று கேட்டார்.

எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி, பாடத்தை நாங்களே மாற்றிக்கொள்ளலாம். துறைக் கூட்டத்தில், ரெக்கார்டுக்குப் போகும் மார்க்கை ஏதாவது ஒரு நிஜமான இடத்துக்குச் செய்து கொடுக்கும் வேலைக்குக் கொடுப்போம் என்றேன். துறைத்தலைவர் திருநாவுக்கரசு சார், "அப்ப வைவா பரீட்சைய பண்ருட்டி மண்டியிலயே வெச்சிக்கலாமா மேடம்?" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். வைக்கலாம் சார் என்றேன். சிரிப்பு அடங்கியதும், "செரி, வர்ற வருஷம் வுட்டு அதுக்கடுத்த வருஷம் கொண்டாரலாம், பாடத்திட்டத்த நீங்களே எழுதிக் குடுங்க" என்று முடித்துவிட்டார்.

எழுதுவதற்கு முன் செய்து பார்க்க வேண்டாமா? சிந்துஜாவையும் இன்னும் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு காடாம்புலியூரில் ஒரு முந்திரிக் கிடங்குக்குப் போனேன். அங்கே கொட்டையை மூட்டையாக வீடுகளுக்குக் கொடுத்தனுப்பி, உடைத்த பருப்பைத் திரும்ப வாங்குகிறார்கள். ஒரு மூட்டைக்கு ஒரு பெயர், ஒரு வரவு என்று நானே டேபிள் போட்டுக் கொடுத்தேன். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அமிர்தம் எட்டிப் பார்த்து, "ஒரு மூட்டைய நாலு வூட்டுல பிரிச்சிக்குவாங்களே, நாத்தனா ஒடச்சத அண்ணி கொண்டாந்து குடுப்பா, உங்க கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் புரியாதா?" என்றாள். அங்கிருந்த பெண்களைவிட ஜாஸ்தியாகச் சிரித்தது சிந்துஜாதான், இன்டர்வியூவுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். இத்தனை வருஷம் பாடம் எடுத்தவள், யாராவது ஒருவர் தினமும் உபயோகிக்கிற மாதிரி ஒன்றைக்கூடச் செய்து கொடுத்ததில்லை. நான் செய்யாததை அந்தப் பெண்ணை எப்படிச் செய்யச் சொல்வேன்?

காலைச் சாப்பாட்டை விடாதே. சிந்துஜா அனுப்பியிருக்கும் மெயிலுக்கு மறக்காமல் பதில் போடு, சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள் என்று அவளுக்கு விவரமாகச் சொல். நடராஜர் உன் கூடவே இருந்து காக்கட்டும், நினைத்ததெல்லாம் உனக்குக் கூடிவரட்டும்.

புதுச்சேரியில் கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் சாஃப்ட்வேர் எழுதும் ஒரு சின்னக் கம்பெனியில், பயிற்சிக்கு என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டிருந்தேன். வயது நாற்பத்தாறா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, ஜூனில் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வருஷம் சம்பளமில்லாத விடுப்புக்கு நாளை எழுதிக் கொடுக்கிறேன். கல்லூரி தராவிட்டாலும் போவேன், பாடத்திட்டத்தை வெளியிலிருந்தே எழுதி அனுப்புவேன். அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன், யோசனை கேட்டு அல்ல.

உன் அம்மா,
மாலதி