கார்வின் கேட்ட ஆதாரம்

சீலாந்து, மிச்சிகன்
14 மே 1979

கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காக்கிறார் என்ற நிச்சயத்தோடு எழுதுகிறேன், என் அருமை எட்டா அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நைஜீரியாவில் உன் ஆஸ்பத்திரிக்கு இந்த மழைக்கு முன்னாவது கூரை போட்டார்களா? அதை அப்புறம் எழுது. முதலில் உட்கார்ந்து இதைப் படி. நம் தம்பி கார்வின் நேற்று மத்தியானம் வீட்டில் சாப்பிட்டான்! பன்னிரண்டு வருஷம் கழித்து, அதே மேசையில்!

அவன் வீட்டை விட்டுப் போனபோது நீ ஊரில் இல்லை. சாப்பாட்டு ஜெபம் முடிந்ததும் அப்பா, "ஜெபத்துல கண்ணத் தொறந்து வச்சிருந்தியே, வெக்கமா இல்ல?" என்றார். அவன்தான் அப்போதே எல்லாவற்றுக்கும் அத்தாட்சி கேட்கிறவனாயிற்றே. "நான் தொறந்திருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? நிரூபிங்க பாப்போம்" என்றான். அப்பாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. நேராக வாசலைக் காட்டினார். இரண்டு பேரும் ஒரே பிடிவாதம், என்ன செய்ய!

இப்போது கேள். கல்லூரிப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை ஒரு விவாதம் வைத்தார்கள். 'கடவுளை அறிய முடியுமா' என்பது தலைப்பு. முடியாது என்று பேச சிக்காகோவிலிருந்து அவர்கள் அழைத்த நாத்திகப் பேராசிரியர் நம் கார்வின். முடியும் என்று பேச இந்த ஊர்ப் போதகர், அதாவது என் வீட்டுக்காரர் லாம்பர்ட். இவர் ஜெயித்தால் தம்பி இனி ஊர்ப்பக்கமே வரமாட்டான். தோற்றால் அப்பா இவரோடும் பேசமாட்டார். அப்புறம் எனக்கு யார் மிச்சம்?

கார்வின் நன்றாகத்தான் பேசினான், பொய் சொல்லமாட்டேன். ஆதாரம் இல்லாத எதையும் நம்பக்கூடாது என்றான். உடனே இவர் எழுந்து, "அந்த விதிக்கு என்ன ஆதாரம் வச்சிருக்கீங்க, மச்சான்? உங்க புத்திய நம்பறதுக்கே முதல்ல ஒரு நம்பிக்கை வேணுமே" என்றார். சபையார் தொடையைத் தட்டினார்கள். அவன் அசரவில்லை. "சரி அத்தான், நான் நினைச்சது தப்புன்னு காட்டுங்க, மாத்திக்கறேன். நீங்க மாத்திக்குவீங்களா?" என்று திருப்பிக் கேட்டான். இவர் தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார். கடைசியில் தொண்டையைச் செருமி, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கக் குரலில், "இரண்டாவதாக..." என்றார்.

உனக்குச் சொல்லவா வேண்டும்? பிரசங்கத்தின் இரண்டாம் பகுதி வந்தால் நம் ஜனம் என்ன செய்யும்? சின்ன வயசிலிருந்து கோவிலில் பழகிய பழக்கம், முந்நூறு கைகள் மிட்டாய்க்காகப் பைக்குள் போயின. பெப்பர்மிண்ட் காகிதம் பிரிக்கிற சத்தம் அரங்கம் முழுக்க. அந்த நேரம் பார்த்து மேடையில் நம் நாத்திகரின் கையும் தானாகக் கோட்டுப் பைக்குள் போய், வெறுங்கையாக வெளியே வந்தது! எல்லோரும் பார்த்துவிட்டார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

முன்வரிசையிலிருந்து அப்பா எழுந்தார். என் உயிரே போய்விட்டது. தடியை ஊன்றி மெதுவாக மேடையேறி, அவன் முன்னால் ஒரு பெப்பர்மிண்ட்டை வைத்தார். கார்வின் ஒலிபெருக்கி இருப்பதையும் மறந்து, "இது என்னப்பா, ஆதாரமா?" என்றான். "ஆதாரமும் இல்ல ஒண்ணும் இல்ல. மிட்டாய். வாயில போடு. ஞாயித்துக்கெழம சாப்பிட வா" என்றார் அப்பா. கூட்டம் சிரித்த சிரிப்பில் யார் ஜெயித்தார்கள் என்று அறிவிக்கவே மறந்துபோனார்கள்.

நேற்று அடுப்பில் மாட்டிறைச்சியை வேகவைத்துவிட்டு ஆராதனைக்குப் போனோம். அவன் ஆராதனைக்கு வரவில்லை. சாப்பாட்டுக்குச் சரியாக வந்தான். தலை பாதி நரைத்திருக்கிறது, அக்கா. அப்பா ஜெபம் பண்ணி ஆமென் சொன்னதும், மேசைத்துணியைத் தடவிக்கொண்டே, "இன்னைக்கும் கண்ணத் தொறந்துதான்டா வச்சிருந்த" என்றார். எனக்குக் கரண்டி கையிலிருந்து நழுவியது. கார்வின் மெல்லிய குரலில், "எப்படித் தெரியும்பா?" என்றான்.

"நானும் தொறந்துதான் வச்சிருந்தேன்" என்றார் அப்பா. "உங்கம்மா தவறிப்போன நாள்லேருந்து ஜெபத்துல நான் கண்ண மூடினதே இல்ல. நீங்க மூணு பேரும் மேசையில இருக்கீங்களான்னு பார்த்துக்கிட்டேதான் நன்றி சொல்லுவேன். அன்னைக்கு அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

கார்வின் எழுந்து போய் அவர் தலையில் முத்தம் கொடுத்தான். விசுவாசத்துக்கு வந்துவிட்டானா என்று கேட்காதே, வரவில்லை. சாப்பிட்டு முடித்து மூன்று மணி வரைக்கும் இவரோடு சண்டை போட்டான். அப்பா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு அவன் வருகிறான். நீ விடுப்புக் கேள், அக்கா. உன் நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டேன். நேற்றும் ஜெபத்தின்போது அப்பாவின் கண் அந்தப் பக்கமே போய்ப் போய் வந்தது. எப்படித் தெரியும் என்கிறாயா?

கர்த்தர் உன்னைச் சுகமாக வீடு சேர்ப்பாராக.

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே உனக்காக ஜெபிக்கும் தங்கை,
அல்பெர்டா