சிவப்பு மையில் வந்த சேதி

என் அன்பு வாலுக்குட்டிக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். நீ நலமாயிருக்க வேண்டும் என்பதை இப்போது உன் மாமியார் பாஷையிலேயே சொல்வேன்: ஸ்பெரோ கே தூ ஸ்தியா பெனே. மயங்கி விழாதே. வீடியோவில் சம்பந்தியம்மாவும் நானும் எத்தனை நாள்தான் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பது, அதனால் மருந்துக்கடையில் கூட்டமில்லாத நேரத்தில் இத்தாலியன் படிக்கிறேன். இந்த வயசுல இவருக்கு எதுக்கு இந்த வேலை என்று உன் அம்மா கடைக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று. அந்த பாஷையில் கண்ணால் பார்த்ததற்கு வினைச்சொல் ஒரு மாதிரி. ஆசை, சந்தேகம், பயம் என்றால் வேறு மாதிரி. உன் அம்மாவுக்கு முதல் வகையே போதும், அவளுக்கு எதில்தான் சந்தேகம் வந்திருக்கிறது. நான் பில் தாளின் பின்பக்கம் இரண்டாவது வகையில் வாக்கியங்கள் எழுதிப் படமெடுத்து சம்பந்தியம்மாவுக்கு அனுப்புவேன், அவர் பழைய பள்ளிக்கூட டீச்சர் இல்லையா, சிவப்பு மையில் திருத்தி அனுப்புவார். மாப்பிள்ளைக்குச் சமைக்கத் தெரியுமா என்று சந்தேகப்படுகிறேன் என்று எழுதியதற்கு, வினையைத் திருத்திவிட்டு, எனக்குச் சந்தேகமே இல்லை, தெரியாது என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

நேற்று ஏழாவது வாக்கியமாக, என் மகள் எதையோ மறைக்கிறாளோ என்று பயப்படுகிறேன் என்று எழுதினேன். சத்தியமாகப் பயிற்சிக்குத்தான் எழுதினேன். வினை சரி, பயமும் சரி, ஐந்து மாதம் என்று பதில் வந்தது. அகராதியை மூன்று தடவை புரட்டினேன். இருமல் மருந்து கேட்டு வந்தவரிடம் வாழ்த்துகள் என்று சொல்லிவிட்டேன், அவர் ஒன்றும் புரியாமல் போய்விட்டார்.

போன தடவை கலைந்தபோது உன் அம்மா பத்து நாள் படுத்துவிட்டாள், அதை நினைத்துத்தான் வாயைத் திறக்கவில்லை என்று தெரியும். ஆனால் கண்ணு, நீ அங்கே தனியாகப் பயந்துகொண்டிருப்பதைத்தான் எங்களால் தாங்க முடியாது. சம்பந்தியம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே, நான் கேட்ட கேள்விக்குத்தான் பதில் எழுதினார். மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே, மாடிப்படியில் ஓடாதே.

நீயும் உள்ளே இருப்பதும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். போனில் பேசினால் உன் அம்மா காதை என் பக்கத்திலேயே வைத்திருப்பாள், அதனால்தான் கடிதம். இது கிடைத்த அன்றே அவளைக் கூப்பிட்டு நீயே சொல்லிவிடு. எனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவளிடம் நான் மறைத்தது இது ஒன்றுதான், நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

இப்படிக்கு,
சீக்கிரம் உளறிவிடப்போகும்
அப்பா