யார் பேரில் பாலிசி

ஜூன் 11, 2024, செவ்வாய்

வீட்டுக் கடன் பாஸாகிவிட்டது. காரோடு ஊரில் எங்கள் ஐந்து சென்ட் மனையில் வீடு வரப்போகிறது. இருபது வருடத் தவணை. வங்கியில் கடன் தாள்களோடு ஓர் இன்சூரன்ஸ் தாளையும் சேர்த்து நீட்டினார்கள். படிக்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. கடன் குறையக் குறைய அந்தக் காப்பீடும் குறையுமாம். வருகிற பணம் நேராக வங்கிக்குப் போகும், மகள் பின்சிக்கு ஒன்றும் மிஞ்சாது. எல்லோரும் இதைத்தான் எடுக்கிறார்கள் என்றாள் அங்கிருந்த பெண். நாங்கள் தனியாக, ஆள் போனால் குடும்பத்துக்கே முழுப் பணமும் வருகிற டேர்ம் பாலிசி எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் வேலை பார்க்கும் பள்ளியில் முன்பு கணக்கு எடுத்த ஷியாமளா டீச்சர் நினைவுக்கு வந்தார். கணவர் போன பிறகு அவர் வீட்டுச் சுவரில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டினார்கள். பின்சிக்கு அந்த நிலைமை வரக் கூடாது.

ஜூன் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து விஜயதாஸ் அண்ணன் படிவத்தோடு வந்தார். என் வீட்டுக்காரர் சஜுவின் பெரியப்பா மகன், இன்சூரன்ஸ் ஏஜென்ட். சொந்தத்தில் ஆள் இருக்கும்போது வெளியே போனால் ஆயுசுக்கும் பேச்சு கேட்க வேண்டும்.

சஜு பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். பாலிசி அவர் பேரில்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை. டீயும் சிரிப்புமாகப் பக்கம் பக்கமாக நிரப்பினோம்.

"நான் போனா நீ பணக்காரியாக்கும்," என்றார்.

"முதல் பிரீமியம் கட்டியாச்சுண்ணு உறுதியாகட்டும், பிறகு போங்க," என்றேன்.

ஜூன் 17, திங்கள்

மத்தியான இடைவேளையில் படிவத்தின் நகலைப் படித்தேன். புகையிலை உபயோகம் உண்டா? – இல்லை.

சஜு பீடி தொட்டதில்லை, உண்மை. ஆனால் காலையில் படகை அவிழ்ப்பதிலிருந்து வாயில் முறுக்கான்தான். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கூடவே ஒரு துண்டு புகையிலை. எங்கள் சபையில் பீடியும் குடியும்தான் பாவம். முறுக்கான் பெண்கள் ஜெபக்கூட்டத்திலேயே கைமாறும். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம்.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அது முறுக்கானாக்கும் சிஜி. அதப்போய் யாரு எழுதுவா? பிரீமியம் கூடும், கேட்டியா."

நாளைக்கு ஒன்று என்றால் கம்பெனிக்காரன் இந்த ஒரு வரியைக் காட்டிக் கையை விரித்துவிடுவான். "உண்டுண்ணு எழுதுங்க அண்ணா," என்றேன்.

ஜூன் 29, சனி

பாலிசிக்காக சஜுவுக்கு மெடிக்கல். டாக்டர் டார்ச் அடித்து வாயை நிறைய நேரம் பார்த்தார். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு படலம். சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமாம்.

ஜூலை 2, செவ்வாய்

சதை எடுத்து அனுப்பியாயிற்று, முடிவு வரும்வரை ஒன்றும் ஓடவில்லை. அந்த 'இல்லை'யை அப்படியே விட்டிருந்தால்? – விட்டிருந்தா மட்டும் வாயில உள்ளது இல்லாமப் போயிருமா? கர்த்தாவே, அந்த மனுஷன எனக்கு விட்டுத் தாரும்.

ஜூலை 10, புதன்

புற்று இல்லை. இப்படியே விட்டால் ஆகலாம், முறுக்கானை இன்றே நிறுத்த வேண்டும் என்றார்கள். திரும்பும் வழியில் சஜு பாலத்தில் வண்டியை நிறுத்தி, முறுக்கான் பொதியை ஆற்றில் எறிந்தார். பிளாஸ்டிக் கவரோடு எறிந்ததற்குத் திட்டினேன். அழுகையை வேறு எப்படி மறைக்க?

ஜூலை 24, புதன்

கம்பெனியிலிருந்து பதில். சஜுவின் விண்ணப்பத்தை ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாமாம்.

முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். தவணை பிடிக்கப்போவது யார் சம்பளத்தில்? என் சம்பளத்தில். மழைக்காலத்தில் படகு கட்டியே கிடக்கும்போது வீடு ஓடுவதும் அதில்தான். நான் போனால்? இந்தக் கேள்வியை வங்கியும் கேட்கவில்லை, அண்ணனும் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற நானும் கேட்கவில்லை.

சாயங்காலமே அண்ணனை வரச் சொல்லி என் பேரில் நிரப்பினேன்.

"பெண்ணுங்க பேருல இவ்வளவு பெரிசா யாரும் எடுக்கியதில்லையே," என்றார்.

"இனி உண்டு," என்றேன்.

ஆகஸ்ட் 17, சனி

என் பாலிசி தபாலில் வந்தது. சஜு மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது வாசித்துக் காட்டினேன். நாமினி அவர்தான்.

"இது எப்போ கிட்டும்?" என்று கேட்டார்.

"நான் செத்தா."

பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எனக்கு எழுதும்போ நீ எப்பிடிடி சிரிச்சுகிட்டே எழுதின?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். இத்தனை நாளும் நான் தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்த அந்தச் சிரிப்பு அவர் காதில் எப்படி விழுந்திருக்கும்? பாலிசியை மடித்து வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "சாப்பிடுங்க," என்றேன். கொஞ்சம் கழித்துச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை அஸ்திவாரம் தோண்ட ஆள் வருகிறது.