விளக்குமாற்றுக்குக் கால் முளைத்தது

தொப்பம்பட்டி
12.8.2024

அன்புள்ள இளவேனிலுக்கு,

நல்லா இருக்கியாடி? சென்னைக்குப் போன பிறகு உன்னிடமிருந்து வந்தது ஒரே ஒரு பார்சல். அதற்குள் ஒரு வரிகூட இல்லை. கோபமாகத்தான் பிரித்தேன். ஆனால் உங்கள் பதிப்பகத்தின் கதை அட்டைகள் என் நான்காம் வகுப்பையே தலைகீழாக்கிவிட்டன.

'ஒரு வட்டம் போடு. அது நிலாவும் இல்லை, பந்தும் இல்லை. அப்புறம் என்ன?' என்ற அட்டைக்குச் செழியன் தக்காளி லாரியின் டயரை வரைந்தான். 'ஒட்டன்சத்திரத்துல ஏறி கேரளாவுல இறங்குறதுக்குள்ள பாதி நசுங்கிரும்' என்று கீழே எழுதினான். 'பள்ளிக்கூடத்தில் ஒரு பொருளுக்குக் கால் முளைத்துவிட்டது. அது எங்கே போகும்?' என்ற அட்டைக்குத்தான் பெரிய ரகளை. சத்துணவு முட்டை அதன் அம்மாவைத் தேடி ஓடுகிறது. பள்ளிக்கூட மணி இரண்டு மணிக்கே வீட்டுக்குப் போய்விடுகிறது. போட்டோவில் பென்சில் கோடு தெரியவில்லை. அதனால் முப்பத்தொரு படங்களையும் தபாலில் அனுப்புகிறேன்.

பொன்னழகு என்ற பிள்ளையின் படத்தைத் தனியாகப் பார். விளக்குமாற்றுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறாள். என்ன கற்பனை!

என் தற்காலிக வேலை டிசம்பரோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் ஹெச்.எம். எழுதித் தர வேண்டும். அவருக்கு என் கையெழுத்து பிடிக்கும். திங்கட்கிழமைதோறும் பிள்ளைகளின் வேலைப் பட்டியலை என்னைத்தான் கரும்பலகையில் எழுதச் சொல்கிறார். அதை நம்பித்தான் இருக்கிறேன்.

உன்
செல்வி

சென்னை
20.8.2024

அன்புள்ள செல்விக்கு,

எழுதாதது என் தப்புதான். திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

முட்டையைப் பார்த்து ஆபீசே சிரித்தது. பொன்னழகின் படத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. நீ ரிப்பனைப் பார்த்தாய். பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்தாயா? அப்படியே எழுதுகிறேன்:

'விளக்குமாத்துக்குக் கால் முளைச்சது. அது பெரிய தெருவுக்குப் போச்சு. எல்லாரும் கதவைச் சாத்திட்டாங்க. அப்புறம் காலனிக்கு வந்துச்சு. எங்க வீட்டுக்கு அதுக்கே வழி தெரியும். தெனமும் கக்கூஸ் கழுவுறப்ப நான்தானே அதைப் புடிச்சிருக்கேன்.'

செல்வி, உங்கள் பள்ளியில் கழிவறை கழுவுவது யார்?

நவம்பரில் வரும் புத்தகத்தில் இதுதான் முதல் கதை. பிள்ளையின் பெயரும் பள்ளியின் பெயரும் போடப் போகிறோம். உடனே பதில் எழுது.

உன்
இளவேனில்

தொப்பம்பட்டி
27.8.2024

இளவேனில்,

அச்சுக்குப் போகவில்லையே? போகவிடாதே. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் விரைவுத் தபாலில் எழுதுகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சுத்தம் செய்ய வந்த ஆள் ஜூனிலேயே நின்றுவிட்டார். செடிக்குத் தண்ணீர், கரும்பலகை துடைப்பது, கழிவறை என்று மூன்று வேலை. யார் எதைச் செய்வது என்று ஹெச்.எம். துண்டுச்சீட்டில் எழுதித் தருவார். கழிவறைக்கு நேரே எப்போதும் காலனிப் பிள்ளைகள் நாலு பேர்தான். எனக்குத் தெரியாதா? தெரியும். சீட்டில் இருப்பதைத்தானே எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேற்று விடுமுறை, அதனால் இன்று காலையும் எழுதினேன்.

பொன்னழகின் அம்மா வேலை செய்வது ஹெச்.எம். அண்ணனின் முருங்கைத் தோட்டத்தில். பெயர் வெளியே வந்தால் அந்த வேலை போகும். என் வேலையும் போகும், அதை ஏன் மறைக்க வேண்டும்? விளக்குமாற்றைச் சாக்பீஸ் ஆக்கிவிடேன். சாக்பீசுக்குக் கால் முளைத்தால் யாருக்கும் கஷ்டமில்லை. கெஞ்சிக் கேட்கிறேன்டி.

செல்வி

சென்னை
2.9.2024

மரியசெல்விக்கு,

பெயரும் ஊரும் போடவில்லை. அந்தப் பிள்ளைக்காக. உனக்காக இல்லை. ஆனால் சாக்பீஸ் ஆக்கமாட்டேன். அவள் எழுதியதை மாற்ற நீ யார், நான் யார்? அவளையும் அவள் அம்மாவையும் கேள். வேண்டாமென்றால் படத்தைத் திருப்பி அனுப்புகிறேன். அவர்களைக் கேட்காமல் பெயர் போட நினைத்தது என் தப்பு, அதையும் சொல்லிவிடு.

இன்னொன்று. ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில் இரண்டு வருஷம் நம் அறையைப் பெருக்கியது யார்? உன் முறை வரும்போதெல்லாம் 'உனக்குத்தாண்டி கை நேர்த்தி' என்று சிரித்துக்கொண்டே நீட்டுவாய். நானும் சிரித்துக்கொண்டே வாங்குவேன். நான் படித்த பள்ளியிலும் கழிவறைக்கு நேரே என் பெயர்தான் இருந்தது, ஐந்தாம் வகுப்பு வரைக்கும். உன்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டிருப்பாயா என்று அப்போது சந்தேகம் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

இளவேனில்

தொப்பம்பட்டி
18.9.2024

இளவேனில்,

விடுதியில் விளையாட்டாகச் செய்தேன் என்று எழுதினேன். பொய் என்று தெரிந்தது, அடித்துவிட்டேன். உன் சந்தேகத்துக்கும் நேர்மையாக என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பொன்னழகின் வீட்டுக்குப் போனேன். "ஏனுங்க டீச்சர், புள்ள ஏதாச்சும் தப்புப் பண்ணிருச்சுங்களா?" என்று அவள் அம்மா பதறிவிட்டார். நீ எழுதி அனுப்பியிருந்த கதையை வாசித்துக் காட்டி, புத்தகத்தில் போடலாமா என்று கேட்டேன்.

அவர் மகளைப் பார்த்தார். "தெனமுமாடி? எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ வந்து கழுவுவ" என்றாள் பொன்னழகு.

பிறகு அவள் அம்மா என்னிடம், "பேரு வேண்டாங்க. கதைய மாத்தாதீங்க" என்றார். நான் எழுந்திருக்கும்போது, "போர்டுல எழுதறது நீங்கதானுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வகுப்பில் ஹெச்.எம். சீட்டை நீட்டினார். கழிவறைக்கு எந்தப் பிள்ளை பெயரையும் எழுதமாட்டேன் என்றேன். "டிசம்பர் ஞாபகம் இருக்குல்லம்மா?" என்று கேட்டுவிட்டு அவரே எழுதினார். மணி அடித்தது. நாலு பிள்ளைகளும் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

அன்று மாலையே மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். பிள்ளைகள் பெயரும் படமும் அதில் இல்லை. ஜூனிலிருந்து அந்தப் பட்டியலை எழுதியவள் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதுதான் சாட்சி. வெள்ளிக்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

என் வேலை எப்படியும் போகும். அந்த அம்மாவின் வேலைதான் தெரியவில்லை. தினமும் பள்ளி விட்டதும் முருங்கைத் தோட்டத்து வேலி ஓரமாக நின்று பார்க்கிறேன். இன்று சாயங்காலம் வரைக்கும் அவர் காய் பறித்துக்கொண்டிருந்தார்.

மரியசெல்வி