எட்டாம் வண்டிக்கு எந்த விசிறி

14 அக்டோபர் 2109, காலை 7:10
வெளியே 46 டிகிரி. என்ஜின் 88.

எட்டாம் எண் டீசல் லாரி, தெற்குப் பணிமனை. ஓட்டுநரும் மெக்கானிக்கும் நான்தான்: சுடலைவடிவு, வயது நாற்பத்தேழு. சரக்கு ஒரே ஒரு கம்ப்ரசர். தக்காண வெம்பரப்பின் நடுவே ஏழாம் முகாமில் குளிர்சாதனம் நேற்றுப் படுத்துவிட்டது. நிலத்தடியில் நூற்று நாற்பத்து மூன்று பேர். உள்ளே மணிக்கு ஒரு டிகிரி ஏறுகிறது. மதியம் மூன்று மணிக்குள் நான் போய்ச் சேராவிட்டால் கைக்குழந்தைகள் தாங்காது. அங்கே ஓடுகிற வண்டி எதுவும் இல்லை.

இதை யார் எடுத்துப் படித்தாலும் சரி, ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். போன மாதம் பொறியாளர் ஆவுடையப்பன் என் வண்டியின் பெல்ட் விசிறியைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டர் முன்னால் நான்கு மின்விசிறிகளை மாட்டினார். டீசல் மிச்சமாம். அவர் முகாமுக்குப் போன அன்றே பெல்ட் விசிறியைத் திரும்ப மாட்டிவிட்டேன். அவருடைய நான்கிற்கும் ஃபியூஸைப் பிடுங்கி டப்பாவில் போட்டிருக்கிறேன்.

காலை 9:40
வெளியே 54. என்ஜின் 91.

முகாமிலிருந்து ஆவுடையப்பன் ரேடியோவில் வந்தார். என் டீசல் செலவைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏட்டி வடிவு, பெல்ட் ஃபேன மறுபடி மாட்டிட்டியா? அது என்ஜின் பலத்தத் தின்னும்னு படிச்சுப் படிச்சு சொன்னேம்லா?"

நான் சொன்னது: "என்ஜின் சுத்துனா விசிறி சுத்தும். ஒயரும் வேண்டாம், ஒம்ம கம்ப்யூட்டரும் வேண்டாம். சோலியப் பாத்துட்டுப் போரும்."

"மேட்டுல மெதுவா ஏறும்போது பெல்ட் ஃபேன் காத்தே தராது. அப்பத் தெரியும் ஒனக்கு."

அணைத்துவிட்டேன். பதினாறு வருடமாக இதே பாட்டு. மனுஷன் ஒரு நாள் இந்த வெயிலில் வண்டி ஓட்டியதில்லை.

காலை 11:52
வெளியே 60. என்ஜின் 106.

மேடு தொடங்கிவிட்டது. காற்று பின்னாலிருந்து அடிக்கிறது, வண்டி வேகத்துக்கே வருகிறது. முன்பக்கம் துளிக் காற்று இல்லை. பெல்ட் கிறீச்சிட்டு வழுக்குகிறது. குடிக்க வைத்திருந்த எட்டு லிட்டரில் ஏழு லிட்டரை ரேடியேட்டர் மேல் ஊற்றிவிட்டேன். வேறு வழி தெரியவில்லை.

மதியம் 12:20

பெல்ட் நார் நாராகக் கிழிந்தது. மட்ட ரகம். வாங்கிக் கொடுத்தது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? அந்த ஆளுக்கு ஒரு நாள் இருக்கிறது. மாற்று பெல்ட்டை மாட்டினேன். உள்ளங்கை இரண்டும் வெந்துவிட்டன.

மதியம் 12:58
வெளியே 62. என்ஜின் 109.

மாற்று பெல்ட்டும் போய்விட்டது. வெறும் முப்பது நிமிடம்.

துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ரப்பர் உப்பிப் பிசுபிசுக்கிறது. ஓரத்தில் குங்குமம். முகர்ந்தேன். நல்லெண்ணெய்.

ஆயுதபூஜை அன்று ஸ்பானர், ஜாக்கி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து, விளக்கில் மிஞ்சிய எண்ணெயைப் பூசினோம். இரும்புக்கு நல்லது. பெல்ட் இரண்டும் பளபளவென்று இருக்கட்டும் என்று நான்தான் அவற்றுக்கும் பூசினேன். ஆசையாக, இரண்டு கை. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். முப்பது வருட மெக்கானிக், சீ.

மதியம் 1:06

டப்பாவைத் திறந்தேன். நான்கு ஃபியூஸையும் மாட்டினேன். நான்கும் ஓடுகின்றன. என்ஜின் 109இலிருந்து 101க்கு இறங்கியது. சனியன்கள்.

பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரும் அதே பெல்ட்டில்தான் ஓடியது. இனி பேட்டரியில் இருப்பதுதான் மிச்சம். விசிறிகளும் என் கேபின் கூலரும் சேர்ந்து ஓடினால் நாற்பத்தைந்து நிமிடம். விசிறிகள் மட்டும் என்றால் எண்பது. முகாமுக்கு முப்பத்தொரு கிலோமீட்டர். இந்த மேட்டில் எழுபத்தைந்து நிமிடம்.

மதியம் 1:09

ஆவுடையப்பனும் கணக்குப் போட்டுவிட்டார்.

"வடிவு, கூலர அணைக்காத. வண்டிய நிப்பாட்டிட்டு கேபினுக்குள்ளயே கெட. நாங்க இங்க சமாளிச்சுக்கிடுதோம்."

"எத்தன பிள்ளையள வச்சு சமாளிப்பீரு?"

"ஒம்பது" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

கூலரை அணைத்துவிட்டேன். தானோட்டியைப் போட்டிருக்கிறேன். நான் விழுந்தாலும் வண்டி தடம் பிடித்துப் போகும், முகாம் வாசலில் நிற்கும்.

மதியம் 1:38
கேபின் 63. என்ஜின் 99.

வேர்வை நின்றுவிட்டது. அது நல்லதல்ல. கடைசி மடக்கையும் குடித்தாகிவிட்டது. பயமாக இருக்கிறது. எழுதிவைக்கிறேன், பயமாகத்தான் இருக்கிறது.

ரேடியோவில் பேசிக்கொண்டே இருக்கிறார். திட்டுடி, ஏதாவது திட்டு என்கிறார். எனக்கு நாக்கு புரளவில்லை.

மதியம் 1:5
கேபின் 68

என்ஜின் 98. அந்த மேட்டிலும் 98. நான்கும் நன்றாகத்தான்

அவரிடம் சொல்லாதீர்கள். தலைக்கனம் ஏறிவிடும்

பெல்ட்டுக்கு எண்ணெய் போடாதீ

மதியம் 2:22
தானியங்கிப் பதிவு

வண்டி ஏழாம் முகாம் வாசலில் நின்றது. என்ஜின் 97. கேபின் 71. பேட்டரி 3 சதவீதம். சரக்குக் கதவு வெளியிலிருந்து திறக்கப்பட்டது. ஓட்டுநர் கதவு உள்ளிருந்து பூட்டப்பட்டுள்ளது.

வந்த ஒலி, முகாம் வாசல், 2:24: "வந்துட்ட. ஏட்டி வடிவு, வந்துட்டட்டி. கதவத் திற. பெல்ட் ஃபேன்தான் நல்லதுன்னு வேணா சொல்லுதேன், கதவத் திற."

ஓட்டுநர் கதவு திறக்கப்படவில்லை. விசிறிகள் நான்கும் ஓடுகின்றன.