அலுமினியத்துக்கு ஆகாத சோடா

15.7.86
காலையில் தூறல். பிரேக் ஆயில் வாங்கவேண்டும். சகலை தனபால் மெட்ராஸிலிருந்து சின்ன கார் ஒன்று, செகண்ட் ஹேண்ட், வாடகைக்கு ஓட்ட வாங்கிவந்து வாசலில் நிறுத்தினான். தெருவையே கூட்டுகிற ஹாரன். என் பெண்டாட்டி கமலா எப்போதும் என் டாக்ஸியில் முன்சீட்காரி. இன்று அவன் வண்டியில் ஒரு சுற்று போய்வந்து, “இன்னா சொகுசுங்க! நம்ம வண்டி கட்டவண்டியாட்டம் குலுக்குது” என்கிறாள். தன் தங்கை புருஷன் வாங்கினால் எல்லாம் சொகுசுதான்.

16.7
தனபால் பானெட்டைத் திறந்து காட்டினான். அலுமினிய ரேடியேட்டர். “வெயிட்டே இல்லண்ணா. ஜல்தியா சூடு தணியும்.”
என்னுடையது செம்பும் பித்தளையும். கனம்தான். ஓட்டை விழுந்தால் பஜாரிலேயே ஈயம் வைத்து அடைக்கலாம். சலவை சோடா கரைத்து ஊற்றி ராத்திரி விட்டால் கசடெல்லாம் வெளியே. அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது. சோடா பட்டால் அரித்துவிடும், வேலூர் மெக்கானிக் சொன்னது. இட்லிப் பானைக்கு ஆகிற சாமான். அதற்கு இவ்வளவு பீற்றல்.

17.7
பட்டுக்கடை முதலாளியின் பெங்களூர் டிரிப் இனி தனபாலுக்காம். இத்தனை வருஷம் ஓட்டியவன் நான்.
சாயந்திரம் அவனே வந்தான். “அண்ணா, ரேடியேட்டர் தண்ணி ஒரே துருவா வருது. நாளைக்கி ஆடி வெள்ளி, தேவிகாபுரம் கோயிலுக்குப் போவணும். உங்கள மாதிரி சோடா கரச்சி ஊத்தி வெக்கலாமா?”
“நான் ஊத்திகினுதான் இருக்கேன். ஒண்ணும் ஆவல.”
பொய் இல்லையே. ஆனாலும் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

18.7
வெயில். கமலா பட்டுப்புடவையில், தங்கையோடு அவன் வண்டியில்.
“அதுல ஏறாத. ரேடியேட்டர் தாங்காது” என்றேன்.
தனபால் சிரித்தான். “நீங்க சொன்ன மாதிரிதாண்ணா கழுவினேன்.”
“பொறாமையில வேவாதீங்க” என்றாள் கமலா. வண்டி போய்விட்டது. சோடாதான் காரணம் என்று மீதியையும் சொல்லியிருக்கலாம். டிக்கியில் மூன்று குடம் தண்ணீர் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போனேன்.
பாதி வழியில், புளியமரத்தடியில் அவன் கார் நிற்கிறது. பானெட்டில் ஆவி. அடியில் ஒரே ஒழுகல்.
“நல்ல நேரத்துல வந்தீங்கண்ணா!” தனபால் என் கையைப் பிடித்துக்கொண்டான். பாவி, நிஜமாகவே சந்தோஷப்படுகிறான்.
கமலா குடங்களைப் பார்த்தாள். “இத்தினி தண்ணி எதுக்கு எடுத்துகினு வந்தீங்க?”
ஒரு குடத்தை இறக்கிக்கொண்டு பானெட் பக்கம் போனேன்.
திரும்பும்போது எல்லாரும் என் வண்டியில். முன்சீட்டில் தனபாலை உட்காரச் சொல்லிவிட்டு, கமலா பின்சீட்டில் ஏறினாள்.